பாஸ்டரம்மாவின் எட்டு மாதம்

புது அச்சு மையின் வாசம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு மை வாசம் என்பது சோற்று வாசம்; என் அப்பாவே காலண்டர் ஆபீஸில் பேப்பர் வெட்டும் மிஷினில் நின்று என்னைப் படிக்க வைத்தவர்தான். ஆனால் நான் சொல்வது காலண்டர் மையை அல்ல. வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் ஜெபக்கூடத்தில் ஒரு பித்தளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்களே, அந்த ‘வாக்குத்தத்தச் சீட்டு’களின் மையைச் சொல்கிறேன். சீட்டுக்கு ஒரு வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது. சீக்காகப் படுத்திருப்பவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம். ஒருவருக்கு ஒரு சீட்டுதான், மாற்றி எடுக்கக் கூடாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா என்னைப் பெற்ற கொஞ்ச நாளிலேயே போய்விட்டதால், அப்பாவின் தங்கை ரூபி அத்தைதான் எனக்கு எல்லாம். சாத்தூர் ரோட்டில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலை ஆறரைக்கு வேன் ஹாரன் அடித்தால் என் தலையில் பாதிச் சடையோடு ஓடுவாள். அந்த வருஷம் தீபாவளி சீசனுக்கு முன்னால் இருமத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. எங்கள் பாஸ்டர் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். சளியைச் சோதித்து ‘டி.பி.’ என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, ஒரு தடவைகூட விடக் கூடாது என்றார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் கை நிறைய மாத்திரை. வயிற்றைப் புரட்டும், ஒன்றுக்குப் போனால் சிவப்பாகப் போகும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது.

வருஷப் பிறப்பன்று அத்தைக்கு நான்தான் சீட்டு எடுத்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பாடுகளில் பொறுமையாய் இரு என்கிற மாதிரி ஒரு வசனம். இதை எப்படி அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? தட்டு பக்கத்து வரிசைக்கு நகர்வதற்குள் அதை உள்ளே செருகிவிட்டு இன்னொன்றை எடுத்தேன். உன்னைக் குணமாக்குவேன் என்ற பொருளில் இருந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஞாயிறு அவளைச் சாட்சி சொல்ல முன்னால் கூப்பிட்டார்கள். ஒரு கையில் சீட்டு, இன்னொரு கையில் மாத்திரை அட்டை. இரண்டில் எதை விசுவாசிக்கிறாய் என்று பாஸ்டர் மைக்கில் கேட்டார். அத்தை மாத்திரையை அவர் கையில் கொடுத்தாள். தகரக் கொட்டகை அதிர அல்லேலூயா போட்டார்கள். நானும் போட்டேன், என்னத்தைச் சொல்ல! அவரைக் கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரே அவர்தானே? இன்று யோசித்தால் எனக்கு வயிறு எரிவது அதனால்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தெரிந்த மனுஷன், கைதட்டலுக்கு மயங்கி ஒரு பெண்ணின் உயிரைக் கையில் வாங்கி மேசை மேல் வைத்தார். அப்பா மட்டும் என்ன கிழித்தார்? சுகாதார நர்ஸ் வீடு தேடி வந்தபோது, தங்கச்சி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பினார்.

பங்குனி பிறந்ததும் அத்தை ரத்தமாகத் துப்பினாள். வேனுக்குப் போவது நின்றது. எலும்பும் தோலுமாகப் பாயில் கிடந்தாள். ஆனாலும் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மாத்திரை வேண்டாம் என்றாள். மாத்திரையைத் தொட்டால் ஆண்டவரை நம்பவில்லை என்றாகிவிடுமாம். அவள் செத்துப்போய்விடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சாவுக்கு நான்தான் காரணம் என்பதும் தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஈஸ்டர் முடிந்த வாரம் பாஸ்டரும் அவர் மனைவியும் வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். அந்த அம்மாவின் பெயர்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது; எல்லோருக்கும் ‘பாஸ்டரம்மா’. ஜெபக்கூடத்தில் கடைசியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள், வாய் திறந்து பார்த்ததில்லை. அப்பாவே கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். பாஸ்டர் கண்ணை மூடி வெகுநேரம் ஜெபித்துவிட்டு, இந்த வீட்டில் யாரோ ஒரு பாவத்தை மறைத்து வைத்திருப்பதால்தான் சுகம் தடைபடுகிறது என்றார். சீட்டை மாற்றியதைச் சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்கும் கண்ணும் ஒழுகின.

பாஸ்டர் பெருமூச்சு விட்டு அப்பாவைப் பார்த்தார். “பாத்தீகளா? பிள்ளை பண்ணுன காரியம்” என்றார். அவ்வளவுதான், அப்பா கையை ஓங்கினார். ஒன்பது வயசுப் பிள்ளை மீது ஒரு சாவைத் தூக்கி வைத்துவிட்டு, பாஸ்டர் சாப்பிடக் கை கழுவ எழுந்த அந்த நிமிஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். வரவில்லை, என்ன செய்ய?

அப்போதுதான் பாஸ்டரம்மா என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு, மணிபர்ஸைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து பாஸ்டரின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

“ஏங்க, சாப்பாட்டுக்கு முந்தி சுகர் மாத்திரை போடணும்ல. இங்கன எல்லாரும் பாக்க முழுங்குங்க. நீங்க முழுங்குறது அவிசுவாசம் இல்லைன்னா, ரூபி முழுங்குறதும் இல்ல.”

குரலை உயர்த்தவே இல்லை. பாஸ்டர் முகம் கறுத்துப் போயிற்று. ஈரக் கையோடு வெளியே போய் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். பாஸ்டரம்மா பின்னால் போகவில்லை. அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, “நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றார்கள். அத்தை அந்த மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

பாதியில் விட்டதால் இந்த முறை எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் ஊசி வேறு. நோயாளி முழுங்குவதை வெளியாள் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்த வேலையைப் பாஸ்டரம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், அத்தை பெயர் எழுதிய மாத்திரைப் பெட்டியைச் சேலை முந்தானையில் மறைத்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டி நடந்து வருவார்கள். கொடுத்து, முழுங்கச் சொல்லி, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு அத்தைக்குப் பதிலாக எனக்குச் சடை பின்னிவிட்டுப் போவார்கள். சத்தமாக ஜெபித்ததே கிடையாது. அவர்கள் வீட்டில் இதற்காக என்ன பேச்சுக் கேட்டார்களோ, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் பயந்து பயந்து, ஆண்டவருக்கு என் மேல் கோபமா என்று கேட்டேன். “ஏன், அவருக்கு வேற சோலி இல்லையா?” என்று சொல்லிவிட்டு ரிப்பனை முடிந்தார்கள். என் விசுவாசம் என்று இன்றைக்கு ஏதாவது மிச்சம் இருந்தால் அது அந்த ஒரு வார்த்தையில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். ஞாயிறு மதியங்களில் நாங்கள் நாலைந்து பெண்கள் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகிறோம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்ட பிறகுதான் ஜெபம். மாத்திரை எதற்கு என்று எவராவது வந்து பேசினால் அங்கேயே சண்டைதான்.

அத்தை பிழைத்தாள். ஆனால் அந்த ஊசி அவள் காதை வாங்கிக்கொண்டது. முதல் தடவையே ஒழுங்காக முழுங்கியிருந்தால் அந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது.

இன்று அந்தத் தகரக் கொட்டகை இல்லை. அதே இடத்தில் ஏசி போட்ட ஆலயம், இரண்டு பக்கமும் பெரிய திரை. பாஸ்டரம்மாவும் இல்லை, நாலு வருஷமாகிறது. படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அத்தைதான் தினமும் போய்த் தலை சீவிவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சபையின் ஆண்டு விழா என்று எங்களைக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். பாஸ்டர் நரைத்துவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. திடீரென்று அத்தையைக் கை காட்டி, ஆஸ்பத்திரி கைவிட்ட இந்தச் சகோதரியை ஒரு மாத்திரை இல்லாமல் ஜெபத்தாலேயே ஆண்டவர் குணமாக்கினார் என்றார். திரையில் அத்தையின் முகம் வந்தது. எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை என் பக்கம் சாய்ந்தாள். அவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலே நாலு வரிசைக்குக் கேட்கும்.

“என்னையக் காட்டி என்னமோ சொல்றாரே, என்ன புள்ள?”

எழுந்து நின்று அவள் காதோரம் கத்தினேன். “நீ மாத்திரையே இல்லாம, ஜெபத்துலயே குணமாயிட்டேன்னு சொல்றாரு.”

பின் வரிசைகளில் தலைகள் நிமிர்ந்தன. அத்தை மேடையைப் பார்த்தாள்.

“அவுக சம்சாரம் எட்டு மாசம் நடந்து வந்து என் வாயத் தொறந்து பாத்தாகளே, அதச் சொன்னாரா?”

“சொல்லல அத்தை” என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.