கேஸ் டிப்போவுக்குக் கீழே ஆறு குடும்பங்கள்

"நூறு மீட்டர் தூரத்துக்குள் மனிதர் வசிக்கும் கட்டடம் எதுவும் இல்லை." நான் கையெழுத்திட்ட அறிக்கையொன்றின் நான்காம் பந்தி இது. அந்த நூறு மீட்டருக்குள் ஆறு குடும்பங்கள் இருந்தன. அதை நான் தெரிந்துகொண்ட விதத்தை, சட்டத் தொழிலுக்கு வரப்போகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

எண்ணெய், கேஸ் சம்பந்தப்பட்ட சட்டத்தரணி என்றால் கடல், கப்பல், வெளிநாட்டு ஒப்பந்தம் என்று நினைப்பார்கள். எங்கள் தோட்டத்தில் இன்னும் சிலர் நான் பெட்ரோல் நிரப்பும் செட்டில் வேலை செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. பெட்ரோல் செட்டுக்குக் காணி உறுதிப் பத்திரம் பார்ப்பது, கேஸ் டிப்போவுக்கு லைசன்ஸ் எடுப்பது, குத்தகைப் பத்திரம் எழுதுவது, இவைதான் என் வேலை. ரம்புக்கனைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரின் மகன் நான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் தவறை வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். நான் செய்திருக்கக் கூடாது.

1. ஜீப்பிலிருந்து பார்த்தது

வரக்காப்பொலையிலிருந்து உள்ளே போகும் பாதையில், ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், எங்கள் கட்சிக்காரரான கேஸ் கம்பனி சிலிண்டர் டிப்போ கட்டவிருந்தது. இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. அன்று அடைமழை. ஜீப்பை விட்டு இறங்கி நாலு அடி வைப்பதற்குள் சப்பாத்துக்குள் அட்டை ஏறிவிட்டது. திரும்ப ஏறிக்கொண்டேன்.

பள்ளத்தில் ஒரு தகரக்கூரை தெரிந்தது. நில அளவையாளரின் பிளானில் அது "கைவிடப்பட்ட ரப்பர் ஸ்டோர்". தோட்ட ஆபீஸ் கடிதமும் அதையே சொன்னது. கொழும்புக்கு வந்து வாக்காளர் இடாப்பையும் பார்த்தேன். அந்த ஸ்டோரில் ஒரு பெயரும் இல்லை. மூன்று பேப்பர் ஒன்றையே சொல்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? கையெழுத்திட்டேன். லைசன்ஸ் கிடைத்தது. டிப்போ வந்தது.

2. எலி செத்த நாற்றம்

எட்டு மாதம் கழித்து, டிப்போவின் மழைத்தண்ணீர் தோட்டத்துக்குள் ஓடுவதாக ஒரு முறைப்பாடு. வடிகானைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். வெயில் நாள். வடிகான் வழியே கீழே நடந்தேன். ஸ்டோரின் முன்னால் கொடியில் துணி காய்ந்தது.

துணியைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. உள்ளாடைகள், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள், பால் கறை படிந்த ஒரு சேலை.

"யாருங்க? தோட்டத்து ஆபீஸா?" என்று ஒரு பெண் வெளியே வந்தார். பெயர் லூர்தம்மா. பால் வெட்டு முடித்து வந்து முகம் கழுவிய ஈரம் அப்படியே இருந்தது. நான் லோயர் என்றேன். ஊரைச் சொன்னேன்.

"அட, நம்ம ஆளு! லோயரா? அப்ப சத்தமா பேசக்கூடாது போல," என்று சிரித்தார்.

"நீங்க இங்கயா இருக்கீங்க?"

"இருக்கிறதாவது! நாலாம் லயத்துக்கு மேல மண் சரியப் போவுதுன்னு இங்க கொண்டாந்து போட்டாங்க. ரெண்டு மாசம்னாங்க. மூணு வருசமாவுது. ஆறு குடும்பம்."

"வோட்டு?"

"வோட்டு, கடுதாசி எல்லாம் நாலாம் லயத்துக்குத்தான். நாங்கதான் இங்க. நம்ம அட்ரஸ் என்னைக்கு நம்மகூட வந்திருக்கு?"

எங்கள் வீட்டுக் கடிதங்களும் நாங்கள் விட்டுவந்த லயத்துக்கே, அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கே, இன்றும் போகின்றன. அதைத் தெரிந்திருந்தும் இடாப்பை நம்பினேன்.

உள்ளே உட்காரச் சொன்னார். வாசலைத் தாண்டியபோதுதான் அந்த நாற்றம் மூக்கில் அடித்தது.

"மன்னிச்சுக்கங்க தம்பி. ரெண்டு நாளா எங்கயோ எலி செத்துக் கெடக்கு. தேடாத எடம் இல்ல. இருங்க, சாம்பிராணி போடுறேன். வந்தவங்கள இந்த நாத்தத்துல ஒக்கார வைக்கிறதா?"

சிரட்டையில் தணல் எடுக்க வெளியடுப்பை நோக்கித் திரும்பினார்.

கேஸுக்கு இயல்பில் வாசம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனம். தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி ஓடும். டிப்போ மேலே. ஸ்டோர் கீழே. இதையெல்லாம் கம்பனியின் பாதுகாப்புக் கையேட்டில் வாசித்து, ஒப்பந்தங்களில் எழுதியவன் நான். இங்கே எல்லோரும் விறகில் சமைப்பவர்கள். அவர்களுக்கு அது எலிதான்.

"அக்கா, நெருப்ப உள்ள கொண்டு வராதீங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தணலோடு வாசலுக்கு வந்துவிட்டிருந்த அவர் பயந்து சிரட்டையைக் கீழே போட்டார். நல்ல வேளை, வாசலுக்கு வெளியே. பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரைத் தணலிலும் அடுப்பிலும் கொட்டினேன். "எல்லாரும் வெளிய வாங்க. லைட் சுவிட்சத் தொடாதீங்க. டிப்போ பக்கம் போவாதீங்க, மலைப்பக்கமா ஏறுங்க!"

கைக்குழந்தையோடு ஒருத்தி, அரைத்தூக்கத்தில் ஒரு கிழவர், கையில் சோற்றுக் கோப்பையோடு இருவர் என்று வந்தார்கள். ஒவ்வொருவர் வெளியே வரும்போதும் என் நான்காம் பந்தி கண்முன் வந்தது. எல்லோரும் மேலே ஏறிவிட்டதைப் பார்த்துக்கொண்டேன்.

சுற்றுப்பாதையால் டிப்போவுக்கு ஓடினேன். "மொகுத் நே மாத்தயா," ஒன்றுமில்லை ஐயா, என்றார் காவலாளி. சின்ன வாசம் எப்போதும் இருக்குமாம். பின்சுவரோரம், வடிகானுக்கு மேல், திரும்பி வந்த சிலிண்டர்களை அடுக்கியிருந்தார்கள். ஒன்றின் வால்வு 'உஸ்' என்று சத்தமிட்டது. கம்பனி ஆட்கள் வந்து அகற்றப் பின்னேரம் ஆகிவிட்டது.

எதுவும் வெடிக்கவில்லை. அதனால் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

3. மேடத்தின் கேள்வி

எங்கள் சீனியர் சட்டத்தரணியை நாங்கள் மேடம் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். மறுநாள் காலை என் பழைய அறிக்கையை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"நீர் நேர போய்ப் பாத்தனீரோ?"

"பிளான், ஆபீஸ் கடிதம், இடாப்பு மூணும்..."

"பேப்பரைக் கேக்கேல்ல. உம்மைக் கேக்கிறன்."

"இல்ல மேடம். ஜீப்புல இருந்து பாத்தேன்."

அவர் நான்காம் பந்தியின் கீழே பென்சிலால் கோடு போட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சட்டத்தரணிப் பதிவும் போகலாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனம் வசனம் தேடியது.

"நாங்கள் கம்பனியின்ர லோயர்மார். அவையளுக்குத் தெரியாமல் வெளியில போய்ச் சொல்ல ஏலாது. ஆனா பொய்யெண்டு தெரிஞ்ச பேப்பரில எங்கட கையெழுத்து நிக்கவும் ஏலாது. அறிக்கையைத் திருப்பி எடுக்கிறம் எண்டு கம்பனிக்கு எழுதும். திருத்தின அறிக்கையை அவையள் லைசன்ஸ் குடுத்த ஆபீசுக்குக் குடுக்கவேணும், இல்லாட்டி வேற லோயர்மாரைப் பாக்கவேணும். ஆர் ஆர் இருக்கினம் எண்டு பேரோட எழுதும்."

அன்று தொடங்கிப் பதில் வரும்வரை மூன்று கிழமை. கடைசியில் திருத்திய அறிக்கையைக் கொடுக்கக் கம்பனி ஒத்துக்கொண்டது, அதே கடிதத்தில் எங்களை விட்டும் விலகியது. திருத்திய அறிக்கைதான் எங்கள் கடைசி வேலை.

அதைக் கொடுக்குமுன் லூர்தம்மாவிடம் போனேன். பின்னேரம், எல்லோரும் ஸ்டோர் முற்றத்தில் இருந்தார்கள். "இங்க யாரும் இல்லன்னு எழுதினது நாந்தான்," என்றேன்.

நெருப்பென்று கத்திய நாளைவிட அப்போதுதான் அதிகம் பயந்தேன்.

"நம்ம ஆளுன்னு நெனச்சேனே," என்றார் லூர்தம்மா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "இப்ப எழுதினத படிங்க பாப்போம்."

அடையாள அட்டைகளைப் பார்த்து எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். முடித்ததும், "பெருமாளு மாமா எங்க?" என்றார்.

சுவரோரம் குந்தியிருந்த பெருமாளு மாமா சிரித்தார். அங்கேயே தங்கும் தோட்டக் காவல்காரர். பிறப்புப் பதிவு இல்லாததால் அவருக்கு அடையாள அட்டையே கிடைத்ததில்லை. "அப்ப நா வெடிச்சிருந்தா கணக்குலயே வந்திருக்க மாட்டேனா லோயர் தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் பேப்பரைப் பார்த்துத்தான் ஆட்களை எண்ணியிருக்கிறேன். ஓரத்தில் பேனாவால் அவர் பெயரை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, எது தன் பெயர் என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

டிப்போ இப்போது லைசன்ஸ் இழந்து பூட்டிக் கிடக்கிறது. சிலிண்டர்கள் வேறிடம் போய்விட்டன. ஆறு குடும்பங்கள் இன்னும் அந்த ஸ்டோரில்தான். வீட்டுக்கான மனுக்களை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வேலை தப்பியது. பயம் போகவில்லை, போகவும் வேண்டாம். எந்த இடத்து அறிக்கையானாலும், கையெழுத்திடுமுன் அந்த இடத்தில் இருப்பவர்கள் முன்னால் நின்று அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டவரை அவர்கள் சொல்வார்கள்.