அம்மா கொண்டுவந்த ஆன்டிபாடி

பிரிஞ்சாங் மலை நகரில் இருந்த ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தேயிலைச் சாறு அழற்சியைக் குறைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சனிக்கிழமை சோதனைக்கு எல்லாம் தயாராக இருந்தது. வரவேண்டிய ஆன்டிபாடி மட்டும் வரவில்லை. கூரியரில் விசாரித்தால், காலையிலேயே கொடுத்தாகிவிட்டது என்றார்கள். ஆர்டர் படிவத்தில், தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரியை எழுதித் தொலைத்திருக்கிறேன்!

அழற்சி வரும்போது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல ஒரு புரதத்தை வெளியே விடும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதுதான் இந்த ஆன்டிபாடியின் வேலை. சுண்டுவிரல் அளவுக் குப்பி, அடியில் நாலு சொட்டு. சூட்டில் கிடந்தாலும் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும்.

பதறிப்போய் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அன்று அவருக்கு லீவு.

"வெள்ளப் பொட்டிதானே? யாரோ ஸ்ட்ராபெரி அனுப்பிருக்காங்கன்னு ஆசையா தொறந்தேன் லா."

"ஃப்ரீசர்ல வச்சிட்டியாம்மா?"

"ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரின்னு மேலயே போட்டிருக்கே. கீழ்த்தட்டுல, மாவுச் சட்டிக்குப் பக்கத்துல இருக்கு. ஐஸ் பையி கரஞ்சி போச்சு, அத மட்டும் ஃப்ரீசர்ல போட்டேன்."

போன மாதம்தான் நான் ஒரு குப்பியை உறையவைத்துத் திட்டு வாங்கியிருந்தேன்.

"தோட்டத்து லோரி டவுனுக்கு வருது. நானே ஏறி வந்துர்றேன்" என்றார் அம்மா.

சனிக்கிழமை கூட்டத்தில் கியா பார்ம் சந்தை அருகே லோரி அசையாமல் நின்றுவிட்டது. அம்மா இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்ட்ராபெரிக் கடைகளைத் தாண்டும்போது வெளியூர்க்காரர் ஒருவர் பெட்டியைக் காட்டி விலை கேட்டாராம். "இது விக்கிறதுக்கு இல்ல, என் மகளோட வேல" என்று சொல்லிவிட்டு வந்தாராம். மூச்சிரைக்க வந்து நின்றவரிடமிருந்து பெட்டியை வாங்கித் திறந்தேன். ஐஸ் படாமல் குப்பிக்குத் துண்டு சுற்றியிருந்தார்.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி அம்மாவுக்கு ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டி என் பக்கத்தில் உட்காரவைத்தார். செல்களின் திரவம் இருந்த குழித்தட்டில் ஆன்டிபாடியைக் கலக்கி ஊற்றினேன். காத்திருந்தோம், கழுவினேன், மறுபடி காத்திருந்தோம். கடைசியாக, ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் நீலமாகும் திரவத்தை விட்டேன். தட்டின் குழிகளில் ஒன்றுமே தெரியவில்லை.

"நான் நடந்து வந்ததுல குலுங்கிப் போச்சா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

சொல்லி முடிப்பதற்குள் மேல் வரிசையில் நீலம் ஏறத் தொடங்கியது. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வருது பாரு! வருது பாரு! கீழ ஏன் வெளுத்துப் போய் கெடக்கு?"

"மேல உள்ளதுல அழற்சி இருக்கும்மா. கீழ உள்ளது நல்ல செல். அது வெளுப்பாத்தான் இருக்கணும்."

"அப்ப சரியாத்தான் வேல செய்யுதா?"

"ரொம்ப சரியா. இனிமே தேயிலைச் சாற விட்டுப் பாக்கலாம்."

தலைவி கை தட்டினார். நானும் அம்மாவும் கட்டிக்கொண்டோம். திரும்பும் வழியில் அம்மா அப்பாவுக்கு போன் போட்டு, "வீக்கத்தக் கண்டுபுடிக்கிற மருந்துங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"மருந்து இல்லம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு. தூக்கிட்டு வந்தவ நான்" என்று சொல்லிவிட்டு, நீலம் எப்படி எப்படி ஏறியது என்று அப்பாவுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.