என்னோடு ஜோடி சேர்ந்த கேட்காரர்

ஆரம்பாக்கம் ரயில் கேட்டைக் காத்தவர் குள்ளமானவர், மீசை மட்டும் பெரியது. யாரோடு பேசினாலும் கண் தண்டவாளத்தின் மேலேயே இருக்கும்.

கேட்டை ஒட்டிய பொட்டலில்தான் நாங்கள் கிளித்தட்டு ஆடுவோம். கட்சி பிரிக்க, இரண்டிரண்டு பேராகத் தள்ளிப்போய் ரகசியமாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு வரவேண்டும். தலைவன் கேட்கும் பேர்க்காரர் அவன் கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. என் கூச்சத்துக்கு ஒருநாளும் ஜோடி கிடைத்ததில்லை. வேடிக்கைதான் பார்ப்பேன்.

அன்றைக்கு வண்டி வர நேரமிருந்தது. கேட்காரரே என்னிடம் வந்தார்.

"வா பாப்பா, நாம ஜோடி. நீ ரயிலு, நான் கத்திரிக்கா."

தோளில் கைபோட்டுத் தலைவனிடம் அழைத்துப்போனார். "ரயிலு வேணுமா, கத்திரிக்கா வேணுமா?"

"ரயிலு," என்றான் தலைவன்.

நான் அவன் பக்கம் போனதும் அவன் முகம் சுருங்கியது. "நீதான் ரயிலுன்னு நெனச்சேன், நைனா," என்றான் கேட்காரரிடம்.

"கேட்டு வாங்கிக்கினு இன்னாடா பேச்சு?" என்றவர், என்னிடம் குனிந்து, "பாத்தியா, உன்னத்தான் கேட்டாங்கோ. என்ன எவன் கேட்டான்?" என்று எதிர்க்கட்சிக்கு நடந்தார்.

அன்று மூச்சிரைக்க ஓடினேன்.

ரயில் கேட்டோரம் ஆடுகிற பையன் கத்திரிக்காயையா கேட்பான்? தெரிந்துதான் அந்தப் பேரை எனக்குக் கொடுத்தாரா என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை.