வாசிகசாலைச் சுவரில் படுத்திருந்த மாடு

உரும்பிராயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தியாகலிங்கம். பெயர்ப்பலகை எழுதுவது தொழில், பிடிவாதம் குணம். தொண்ணூற்றிரண்டில் எங்கள் வாசிகசாலைச் சுவரில் நல்லூர் அரசரின் சின்னத்தை வரைந்தார்: படுத்திருக்கும் வெள்ளை நந்தி, அதற்கு மேலே பிறை. நந்தி படுத்திருக்கும்வரை மண்ணை விட்டு யாரும் அசையத் தேவையில்லை என்று பொருளாம். அது அவருடைய சொந்த விளக்கம். அரசே போய் எவ்வளவு காலம் என்று நான் சீண்டினால், "மாடு இன்னும் எழும்பேல்லையே, தம்பி" என்பார்.

ஒரு பிழை மட்டும் விட்டார். உருவத்துக்குக் கண்ணைக் கடைசியில் வரைந்து திறப்பதுதான் வழக்கம்; கண் திறந்தால் உயிர் வந்துவிடும் என்பார்கள். அன்று குண்டு போடும் பொம்பர் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முடிக்குமுன் செத்துவிடுவேனோ என்ற பயத்தில், கால்களை வரையுமுன்பே கண்ணைத் திறந்துவிட்டார். காலில்லாத அந்த மாடு பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவேயில்லை. பிறகு மடிந்த கால்களை வரைந்து முடித்தும் அந்தப் பார்வை மாறவில்லை. பேப்பர் வாசிக்கப் போனால் அதற்கு முதுகு காட்டி உட்காரமாட்டேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவத்தின் ஷெல் நெருங்கி வந்தது. ஊரே வெளிக்கிட்டது.

"இஞ்சாருங்கோ, சனமெல்லாம் போட்டுது. வாங்கோ" என்று அவர் மனைவி இராசமலர் கெஞ்சினார்.

"மாடு எழும்பட்டும். நானும் எழும்பிறன்."

பிள்ளைகள் இல்லை. புருசனை விட்டுவிட்டு இராசமலர் போகமாட்டார். இரண்டு பேரும் அங்கேயே சாகப்போகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை நான் சைக்கிளில் மூட்டை கட்டும்போது தியாகலிங்கம் முகம் வெளிறி ஓடிவந்தார். என்னை வாசிகசாலைக்கு இழுத்துப்போனார்.

நந்தி எழும்பிக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் நேராக நின்றன. முன்னங்கால் ஒன்று நிலத்தில் ஊன்றியிருந்தது. மற்றது இன்னும் மடிந்தே கிடந்தது.

அவர் தொடப் பயந்தார். நான் தொட்டேன். ஊன்றிய முன்னங்காலில் பெயின்ற் ஈரம். பின்னங்கால்கள் காய்ந்திருந்தன, அதை அப்போது நான் யோசிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்து சுவரைப் பார்க்காமல் நின்ற இராசமலரின் நகத்திலும் வெள்ளைப் பெயின்ற். எத்தனையோ பலகைகளுக்கு நிறம் தீட்டிக் கொடுத்த கை அது. அதை நான் தியாகலிங்கத்திடம் காட்டிக்கொடுக்கவில்லை.

"வெளிக்கிடுவம்" என்றார் தியாகலிங்கம்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரம் இராசமலரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "கெட்டிக்காரியக்கா. பின்னங்கால் ரெண்டும் அசல் மாடுதான்."

இராசமலர் சிரிக்கவில்லை.

"நான் முன்னங்கால் ஒண்டைத்தான் கீறினன், தம்பி. கிட்டடியிலை ஷெல் விழ, பயத்திலை ஓடிவந்திட்டன். பிறகு அந்தப் பக்கம் நான் பாக்கவேயில்லை."

காய்ந்திருந்த பின்னங்கால்கள் நினைவுக்கு வந்தன. மாடு வளர்த்த எங்களுக்குத் தெரியும். அது எழும்பும்போது பின்பக்கம்தான் முதலில் உயரும்.

"உண்மையைச் சொல்லு. பின்னங்காலும் எழும்பியிருந்ததோ?"

"ஓமக்கா."

"அப்ப மாடு தானாத்தான் எழும்பியிருக்கு. இனி எங்களுக்கு வீடில்லை" என்று இராசமலர் வாய்விட்டு அழுதார்.