‘வீட்டுல’ என்றால் யார்?

போன செவ்வாய்க்கிழமை. கடைசி கர்ப்பிணியும் கிளம்பிய பிறகு, கிளினிக் வாசலில் ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். முப்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் சிமெண்ட் கறை.

“சரோஜா புருஷன்மா நானு. கொழந்த ஏம்மா செத்துச்சு?”

எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டால்? நாற்காலியைக் காட்டி, முதலில் உட்காரச் சொன்னேன்.

உத்திரமேரூரில் நான் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். சரோஜா மானாம்பதி பக்கத்துப் பெண் (பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்). முதல் கர்ப்பம். ஐந்தாம் மாதம் வந்தபோது ரத்தப் பரிசோதனையில் பால்வினை நோய் தெரிந்தது. கட்டட வேலைக்கு மாதக் கணக்கில் மெட்ராஸ் போய் வருகிற கணவனிடமிருந்து வந்தது. அவளுக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது, பாவம்.

பெனிசிலின் போட்டால் குணமாகிற நோய்தான். ஆனால், கணவனுக்கும் போட வேண்டும். இல்லாவிட்டால் அவரிடமிருந்து மறுபடியும் இவளுக்கு வரும். வயிற்றுக் குழந்தைக்கும் போகும்.

அவளுக்கு ஊசி போட்டாயிற்று. மற்றதை எப்படிச் சொல்வது? பெஞ்சில் நாலு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குரலைத் தாழ்த்தி, நாசூக்காகச் சொன்னேன். “அடுத்த தடவை வீட்டுலயும் கூட்டிக்கிட்டு வாம்மா. வீட்டுலயும் ஊசி போட்டுக்கணும்.”

நான் திருச்சியில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் ‘வீட்டுல’ என்றால் கணவர். ‘எங்க வீட்டுல ஆபீஸ் போயிருக்காங்க’ என்போம். சரோஜாவுக்கு வூடு என்றால் வூடுதான். அந்த வூட்டில் பெரியவர் யார்? மாமியார்!

அழைத்து வந்துவிட்டாள். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். “வூட்டுல கீறவங்களுக்கும் ஊசின்னு சொன்னீங்களாமே... போடுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்களுக்கு இல்லம்மா, உங்க பிள்ளைக்கு” என்றேன்.

“அவனுக்கு இன்னா? கல்லாட்டம் கீறான். முழுவாம கீறது இவ. ஆம்பளைக்கு எதுக்கு ஊசி?”

அப்போதாவது விளக்கிச் சொன்னேனா? மாமியாரிடம் போய் இதை எப்படிப் பேசுவது... “சும்மா ஒரு தடவை அனுப்பி வையுங்க” என்று முடித்துக்கொண்டேன்.

அவரை அனுப்பவில்லை. சரோஜாவும் அப்புறம் வரவில்லை. எட்டாம் மாதம் வலியோடு தூக்கி வந்தார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. சோதித்தால் – நோய் அவளுக்குத் திரும்பி வந்திருந்தது.

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை அவரிடம் சொன்னேன். இந்த முறை நாசூக்கு ஒன்றும் இல்லை. நோயின் பெயர், வந்த வழி, எல்லாம்.

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

“எங்கம்மா வந்துச்சே, அன்னிக்கு நானும் வந்தேன்மா. ஆம்பளைக்கு உள்ள இன்னா வேலைன்னுச்சு. சைக்கிள வச்சிக்கினு வெளியதான் நின்னுகினு இருந்தேன். ஒரு கொரல் கூப்ட்டிருந்தா வந்திருப்பேனே...”

பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறார்! கர்ப்பம் இரண்டு பேர் சமாசாரம். கிளினிக் வாசலுக்கு வந்ததும் அதை ஒருத்தி தலையில் கட்டிவிடுகிறோம் – வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, டாக்டர்களும்.

அவருக்கு ஊசி போட்டேன். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே மீதியைச் சொன்னார். சரோஜா ராசியில்லாதவளாம். தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவருக்கு வேறு பெண் பார்க்கிறாராம் அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “நோய் உங்ககிட்டேருந்துதான் வந்தது, அவ மேல ஒரு தப்பும் இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க!”

“எங்கம்மாவாண்ட இத எப்டிம்மா சொல்றது? கூச்சமா கீது...”

திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை.

அந்தக் கூச்சத்தில் அவருக்கு நான் சீனியர்.