ஆறு புடவையும் ஒரு சொம்புத் தண்ணீரும்

இன்று காலை பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம் செல்லும் பேருந்தில், முன்னிருக்கையில் மீன்கூடையோடு அமர்ந்திருந்த பெண்மணி தம் தோழிக்குக் கதை சொன்னார்.

"எங்க மாமியாரோட அம்மா கண்ணாலம் ஆயி கடலூர் போவ சொல்ல, எல்லையில வரி கேப்பான்னு ஆறு பொடவைய ஒண்ணு மேல ஒண்ணா கட்டினு போச்சாம்."

"அய்ய, புழுங்காதா?"

"மயக்கமே வந்துடிச்சாம். சோதனை போடறவனே ஒரு சொம்பு தண்ணி குடுத்து அனுப்பினானாம். வெள்ளக்காரன் காலத்துல."

எந்த வெள்ளைக்காரர்? பாகூர் பிரெஞ்சுக்காரரிடமும் கடலூர் ஆங்கிலேயரிடமும் இருந்த 1938ஆம் ஆண்டு அது. எனக்கு உறுதியாகத் தெரியும். அந்தக் கதையை எழுதியவன் நான்.

ஆறு புடவையும் என் கற்பனை. தண்ணீர் என் மனைவியுடையது. கதையின் முதல் எழுத்துப்படியில் காவலன் அந்தப் பெண்ணை அவமானப்படுத்தினான்.

"அவனுக்கும் அக்கா தங்கச்சி இருக்கும்ல? தண்ணி குடுக்கட்டும்" என்றாள் அவள்.

என்னைப் பாதித்த எழுத்தாளர் யாரென்று கேட்பவர்கள் உண்டு. அவள் ஒரு வரியும் எழுதியதில்லை.

"அம்மா, அது 1938" என்று மட்டும் மீன்கூடைப் பெண்மணியிடம் சொன்னேன்.

"பெருசு கூட நின்னு பாத்தா மாதிரி சொல்லுதுடி!"

இருவரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் என் மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் இப்போது இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாரேனும் இதைக் குடும்பக் கதையாகச் சொன்னால் மறுக்க வேண்டாம். தண்ணீரை மட்டும் விட்டுவிடாமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஆண்டு, 1938.