மருந்து என்று எழுதிய கடிதம்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், ஊசிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது சீதாவின் வேலை. நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவள்; கேட்டாலொழியப் பேசமாட்டாள்.

அவள் கணவன் மாடசாமி களைக்கொல்லி தெளிப்பவன். தெளிக்கும் குழாய் அடைத்துக்கொண்டால், எல்லோரையும்போல வாயில் வைத்து ஊதுவான். 1978இல் ஒருநாள் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. மறுநாள் நாக்கு வெந்தது. நான்காம் நாள், லயத்து வீட்டுப் படியேறவே மூச்சு வாங்கியது. டவுன் டாக்டர் நெஞ்சுச்சளி என்றார்.

ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் ஆர்தருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"கோலாலம்பூர்ல ஒரு லைப்ரரி இருக்கு சீதா. உலகத்து டாக்டருங்க எழுதினதுக்கெல்லாம் அட்டவணை வச்சிருக்காங்க. மருந்தடிக்கிற ஆளு மருந்தை முழுங்கிட்டாருன்னு எழுதிக் கேப்போம்."

எழுதிய எட்டாம் நாள் பதில் வந்தது. ஐந்து கட்டுரைகள், ஐந்தும் மூக்கில் அடிக்கும் சளி மருந்தைப் பற்றியவை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாடசாமி சிரித்தான். "நாலு ஏக்கர் புல்லுக்கும் சளிதான்லா. நான்தான் மருந்தடிச்சு வுட்டேன்." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சீதா சிரிக்கவில்லை.

"டிரெஸ்ஸர் ஐயா, மருந்துன்னு இங்கிலீஸ்ல எப்படி எழுதினீங்க?"

"மெடிசின்."

"காய்ச்சலுக்குக் குடுக்கிறோமே, அந்த மெடிசினா?"

ஆர்தர் பேனாவைக் கீழே வைத்தார். தோட்டத்திலேயே பிறந்தவர், அவர் வாயிலும் களைக்கொல்லிக்கு மருந்து என்ற அந்த ஒரே பெயர்தான்.

சீதா ஸ்டோருக்குப் போய்க் காலிக் களைக்கொல்லி டின்னைக் கொண்டுவந்தாள். மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே இருந்த பெயரை அவர் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார்.

இரண்டாம் பதில் வர இன்னும் ஒன்பது நாள். மருத்துவ அட்டவணையில் நான்கு கட்டுரைகளாம். விஷங்களுக்கென்று இருக்கும் அட்டவணையில் முப்பத்தொன்று. மருந்து என்று கேட்டதால் முதலில் அதைத் திறக்கவே இல்லையாம். கூடவே ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தார்கள். வாசலில் நின்று படித்த ஆர்தர் பாதியில் நிறுத்தினார்.

"படிங்க ஐயா."

"முழுங்கின கொஞ்ச மணி நேரத்துக்குள்ள ஒருவகைக் களிமண்ணைக் கரைச்சுக் குடுக்கணுமாம். அதுக்குப் பொறவு..." காகிதத்தை மடித்தார். "நுரையீரல் இறுகிடுமாம்மா."

உள்ளே மாடசாமியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "என்னவாம்?" என்ற குரல் மெல்ல வந்தது.

"சளி எறங்கிரும்னு சொல்லிருங்க ஐயா," என்றாள் சீதா. அவர் சொன்னார்.

மூன்றாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான்.

அதன்பிறகு எட்டு வருஷம், விடியற்காலைப் பெயர்க் கணக்கு எடுக்கும் இடத்தில் சீதா தினமும் போய் நின்றாள்.

"மருந்து கலக்கியாச்சா?" என்பார் கங்காணி முனியாண்டி, தெளிப்பவர்களிடம்.

"வெசம்," என்பாள் சீதா.

"இவ ஒருத்தி! விடிஞ்சும் விடியாம வெசம் வெசம்னுட்டு."

அவள் குழாயை யாராவது வாய்க்குக் கொண்டுபோகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டே நிற்பாள்.